பின்னோக்கி வலிக்கும் துடுப்பு

மீன் பிடித்துப் பிழைப்பவர்களை நாம் அறிவோம். பிறர் மீன் பிடிப்பதற்காகப் படகு வலிப்பதையே ஜீவனமாகக் கொண்டு, தாம் தூண்டிலைத் தொடாமலே நாள் முழுவதும் மீனைப் பற்றியே சிந்தித்திருக்கும் ஒரு வர்க்கத்தாரை நான் கண்டது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பால்ட்வின் என்னும் சிற்றூரை அடுத்து ஓடும் பெர் மார்க்கெத் நதியில்தான். ஏப்ரல் மாதத்து முற்பகுதி. பஞ்சாங்கப்படி வசந்தம் பிறந்துவிட்டதாயினும், கரையோர மரங்களின் நிழலில் பழைய பனி கரையாமல் கிடந்தது. ஸ்டீல்ஹெட் மீன் முட்டையிட ஆறேறி வரும் பருவம் அது.

ஸ்டீல்ஹெட் தனியொரு ஜாதி அன்று. நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தார் ஆங்கிலேயர் காலந்தொட்டு வளர்த்து வரும் ரெயின்போ டிரவுட் மீனே, ஆற்றில் பிறந்து, சில காலம் அங்கேயே வளர்ந்து, பின்பு கடலிலோ பேரேரியிலோ இறங்கி உடல் பருத்து, முட்டையிடும் பொருட்டு ஆற்றுக்குத் திரும்புமானால், அதனை இப்பெயரால் வழங்குகிறார்கள். பசிபிக் சால்மனைப் போல முட்டையிட்டதும் மாண்டேதீர வேண்டும் என்ற விதி இதற்கு இல்லை. உயிரோடு மீண்டு மறுபடி ஆறேறுவதும் உண்டு. பூர்வீகம் பசிபிக் கரை. மிச்சிகனுக்கு இதனைக் கொண்டுவந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மனிதர்கள். இங்கே கடலின் ஸ்தானத்தை வகிப்பது மிச்சிகன் ஏரி. இந்நதியில் இன்று பிரசித்தி பெற்ற மீன்கள் யாவும் இவ்வாறு குடியேறியவையே: ஜெர்மனியிலிருந்து முட்டையாய் வந்த பிரவுன் டிரவுட்டின் குஞ்சுகளை 1884-ல் அமெரிக்காவில் முதன்முதலாக விட்டது இந்நதியின் கிளையான பால்ட்வின் ஆற்றில்தான். ஆதியில் இங்கிருந்த கிரேலிங் என்னும் மீனோ, காடுகளை வெட்டி அடிமரங்களை ஆற்றோடு மிதக்கவிட்ட வியாபாரிகளின் காலத்தில், முட்டையிடும் சரளைப் படுகைகள் சிதைந்தும், வரம்பின்றிப் பிடிக்கப்பட்டும், மாநிலம் முழுவதிலுமே அற்றுப்போயிற்று.

நாங்கள் ஏறிய படகு, ஆரிகன் மாநிலத்து மக்கென்சி நதியில் உருப்பெற்றுப் பிற்பாடு தேசமெங்கும் பரவிய வகையைச் சேர்ந்தது: தட்டையான அடி, இரு முனையும் மேல்நோக்கி வளைந்த உடல், நடுவே படகோட்டிக்கு ஓர் ஆசனம். சாதாரணத் துடுப்புப் படகில் வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். இங்கே அவர் நதி ஓடும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து, நீரோட்டத்துக்கு விரோதமாகத் துடுப்பை வலிக்கிறார். படகை முன்னே கொண்டுபோக ஆறே போதும். ஆற்றைவிடச் சற்று மெதுவாகப் படகு இறங்கும்படி தடுத்துக்கொண்டேயிருப்பதுதான் இவருடைய உத்தியோகம். வளைவில் ஒரு மரம் வீழ்ந்து நீரை மறித்துக் கிடந்தால், அதைக் கண்டு அணியத்தை வேறு பக்கம் திருப்பத்தான் எவருக்கும் தோன்றும். இவரோ அணியத்தை நேராக அந்த மரத்தின் மேலேயே குறிவைத்து, பின்னோக்கி நான்கு வலி வலித்தார்; படகு சரிந்து, மரத்தை விட்டு விலகி, அக்கரை ஓரமாக இறங்கிற்று. பின்புறக் கப்பியில் தொங்கும் நங்கூரத்தின் கயிறு அவருடைய காலடியிலேயே இருந்தது. நிற்க விரும்பிய இடத்தில் சப்தமின்றி அதனை இறக்கினார்.

தூண்டில் போட்டவர் என் நண்பர். நான் வெறும் பார்வையாளன். நீளமான கோல், மெல்லிய தங்கூசி, ஒரு தக்கை, அதன் கீழே சிறு ஈயக்குண்டுகள், முள்ளின் மேல் மீன்முட்டையைப் போல ஆரஞ்சு நிறக் கம்பளி நூலால் கட்டிய உருண்டை. கோலின் வளையங்களில் பனி உறைந்துகொள்ளவே, அடிக்கடி அதனை நீரில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. "தக்கை நீரோடு நீராகப் போகட்டும், ஐயா, முந்தினாலும் மீன் நம்பாது, பிந்தினாலும் நம்பாது" என்று படகோட்டி சொல்லிக்கொண்டிருந்தார். படகும் தக்கையும் ஒரே வேகத்தில் இறங்கும்படி துடுப்பைப் பிடிப்பதில் அவர் காட்டிய சிரத்தையைப் பார்த்தபோது, தூண்டில் யார் கையில் இருந்தாலும் பிடிப்பவர் இவரேதான் என்ற அபிப்பிராயம் எனக்கு ஏற்பட்டது.

ஆழமில்லாத ஓரிடத்தில், சுற்றிலும் கறுத்த படுகைக்கு நடுவே, துலக்கியதுபோல் வெளுத்த சரளை தெரிந்தது. பெண்மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கற்களை அடித்துப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. பின்னால் சிவந்த பட்டை படர்ந்த ஆண்மீன்கள் இரண்டு. கைக்கு எட்டும் தூரம். என் நண்பர் கோலை உயர்த்தினார். படகோட்டி தலையசைத்து, "அவை வேலையில் இருக்கின்றன; கீழே மடுவில் காத்திருப்பவற்றைத் தேடுவோம்" என்று சொல்லி, அந்தப் பள்ளத்தை மிதிக்காதபடி படகை ஒதுக்கிக் கொண்டுபோனார். அங்கே எறிந்தால் வாடிக்கைக்காரருக்கு மீன் நிச்சயம், தமக்கு நற்பெயரும் நிச்சயம் என்பது அவருக்குத் தெரியாததன்று.

மீன் மாட்டியது நடுப்பகலுக்குப் பின், கருநீர் மடு ஒன்றில். தக்கை அமிழ்ந்தது, அடுத்த கணம் வெள்ளிப் பாளமாய் ஓர் உடல் நீருக்குமேல் துள்ளிப் புரண்டு, கீழ்நோக்கி விரைந்தது. அதற்குப் பின் நடந்ததில் பெரும்பங்கு துடுப்பினுடையது. நங்கூரத்தைத் தூக்கி, மீனைப் பின்தொடர்ந்து, அது வீழ்ந்த மரக்கிளைகளுக்குள் நுழைய எத்தனித்தபோதெல்லாம் படகைக் கொண்டுபோய்த் தங்கூசியின் கோணத்தை மாற்றி, கடைசியில் ஓர் அமைதியான ஓரத்தில் கைவலையில் ஏந்தினார். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து, முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை எதிர்நோக்கும்படி சிறிது நேரம் தாங்கினார். செவுள் சீராக அசையத் தொடங்கியதும் அது நழுவிப் போயிற்று. 37-ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து க்ளீசன் துறை வரையுள்ள பகுதியில் செயற்கை ஈத்தூண்டில் மட்டுமே அனுமதி. பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பதும் சட்டம். விடுவதற்காகவே பிடிப்பதைக் கருணை என்று கொண்டாடுவோரோடு எனக்குச் சம்மதம் இல்லை. முள் தைத்த வாய் தைத்த வாய்தான். எனினும், வெளுத்த சரளையை விட்டு ஒதுங்கிய அந்தத் துடுப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

துறையில் அவருடைய வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. காலையில் மேல்துறையில் விட்டுவந்த வாகனங்களைக் கீழ்த்துறைக்கு ஓட்டிவந்து சேர்ப்பதையே கூலித் தொழிலாகச் செய்வோர் அவ்வூரில் இருக்கிறார்கள்; மீன் பிடிக்க வருவோர் அவர்களைப் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. சாவியை வழக்கமான மறைவிடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, படகைச் சுருள்கயிற்றால் இழுத்து வண்டியில் ஏற்றியபடியே, ஸ்டீல்ஹெட் முடிந்ததும் கோடையில் டிரவுட், இலையுதிர் காலத்தில் சால்மன், பனிக்காலத்தில் தூண்டில் கட்டும் வேலை என்று தம் வருஷத்தை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியலில் வேறிருவர் வருகிறார்களாம். ஆரஞ்சு நூல் தீர்ந்துவிட்டது, கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று விடைபெற்றுக்கொண்டார்.