எண்ணெய் வச்சியா?

சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். சிரம்பான் ரயில் போகும்போதெல்லாம் குளியலறையின் தகரக் கதவு கடகடக்கும். சனிக்கிழமை காலையில் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பாட்டியிடம் மாட்டிக்கொள்வேன். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உச்சந்தலையில் வைத்து அறைவாள். தேய்ப்பது என்று அதற்குப் பெயர். கண்ணில் சீயக்காய், வாயில் ஓலம், அப்புறம் பசியாற இட்லி.

எட்டு வயதில் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. முதல் நாள் எண்ணெய்க்காப்பு என்றார்கள். காப்பு என்றால் எனக்குத் தங்கச்சியின் கையில் கிடந்ததுதான். எண்ணெயில் வளையல் எப்படிச் செய்வார்கள் என்று பார்க்கவே போனேன். நீண்ட வரிசை. மற்ற நாளில் எட்டி நின்று கும்பிடும் பிள்ளையாரை அன்று யார் வேண்டுமானாலும் தொடலாம். சின்னக் கிண்ணத்திலிருந்து எண்ணெயைத் தொட்டு, தும்பிக்கையை வீட்டு வழக்கம்போல் அழுத்தித் தேய்த்தேன். கருங்கல் சில்லென்றிருந்தது. பாட்டி கையைப் பிடித்தாள்.

“தேய்க்காதடா. சாமிக்குச் சாத்தணும்.”

மாலை சாத்துவது, பட்டுச் சாத்துவது போல எண்ணெயும் சாத்துவதுதான். காப்பு என்றால் காவல் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி கத்தோலிக்கர். அவர் மாமியார் படுத்த படுக்கையானபோது சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் தொட்டுவிட்டுப் போனார். ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றார் ஆண்ட்டி. இப்போது ‘நோயில் பூசுதல்’ என்கிறார்கள். பழைய பெயரில்தான் நோயாளியின் மூச்சிரைப்பு கேட்கிறது எனக்கு. மெசியா, கிறிஸ்து இரண்டுக்குமே எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள், மலாயில் சொல்லும் அல்மாசிஹும் மெசியாவும் ஒரே வேர் என்று ஆண்ட்டியின் மகன் பின்னாளில் சொன்னான். பழைய தமிழ் பைபிளில் எண்ணெய் பூசுவதற்கு ‘அபிஷேகம்’. அது வடமொழியில் தெளிப்பதை, ஊற்றுவதைக் குறிக்கும் சொல். எங்கள் பிள்ளையாருக்குப் பால் ஊற்றுகிற அதே சொல்!

எண்ணெய் என்பதே எள்நெய் என்று இடைநிலைப்பள்ளியில் படித்துவிட்டு வந்து, “அப்போ அம்மா வாங்குற செம்பனை எண்ணெய், செம்பனை எள்நெய்யா பாட்டி?” என்று மடக்கினேன்.

“அதை உன் தலையில வப்பேனாடா?” என்றாள். விவாதம் முடிந்தது.

தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரே கேள்விதான்: “எண்ணெய் வச்சியா?” வைக்காமலே வச்சாச்சு என்பேன்.

பாட்டி போன அன்று வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், ஒன்றில் சீயக்காய். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கையால் அள்ளப் போனவனைத் தடுத்து, புறங்கையால் தொட்டு வைக்கச் சொன்னார் அத்தை. கூட்டத்தில் நான் வைத்தேனா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம்.

“பாட்டிக்கு எண்ணெய் வச்சியா?” என்று கேட்டார்.

“வச்சிட்டேன் அத்தை.”