கார்டு கிடைக்கும், புரோகிராம்?

சென்னையை அடுத்த திருமுடிவாக்கம், மறைமலைநகர் பக்கத்துச் சிறு ஆலைகளில் இருபத்தைந்து வயது தாண்டிய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. எண்ணெய் விட்டுப் பேரிங் மாற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கும். படுத்துவிடுவது, பேனலுக்குள் இருந்து மெஷினை நடத்தும் சிறு கணினியான பி.எல்.சி.தான். சீமென்ஸின் எஸ்5 வரிசை 1979இல் வந்தது. அதன் உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது. ஆலன் பிராட்லியின் பி.எல்.சி.-5 வரிசையை 2017இல் நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்காரரைக் கேட்டால் பேனலையே புதிதாக மாற்றச் சொல்வார். அதற்குப் பணம் மட்டும் போதாது, லைனை வாரக்கணக்கில் நிறுத்தவும் வேண்டும். சிறு ஆலைக்காரருக்கு இரண்டும் முடியாது. அவர் தேடிப் போகும் பட்டறை ஒன்றைப் பார்க்கத்தான் பெருங்களத்தூருக்குப் போனேன்.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். போர்டு கிடையாது. பல்லாவரத்தில் ரிலே செய்துவந்த பழைய இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியில் தொழில் பழகிய பெரியவர் ஒருவரும் அவரிடம் கற்றுக்கொண்ட இளைஞர்களும்தான் மொத்த ஆட்கள். மேசைமேல் ஒரு பவர் சப்ளை கார்டு திறந்து கிடந்தது. கெப்பாசிட்டரின் அடியில் பழுப்பாகக் கசிவு.

"மோந்து பாருங்க சார்."

மீன் வாடை அடித்தது. உள்ளிருக்கும் திரவம் கசிந்தால் அப்படித்தான் நாறுமாம். பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஃபேன் நின்றுபோன பேனலைத் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கெப்பாசிட்டர், ரிலே போன்ற சில்லறைச் சாமான் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். ஆனால் அங்கே வாங்கும் பழைய ஐ.சி.யை இவர்கள் உடனே பொருத்துவதில்லை. பஞ்சில் அசிட்டோன் தொட்டு முதுகைத் துடைக்கிறார்கள். எழுத்து கரைந்து வந்தால், வேறு எதையோ தேய்த்துப் புது எண் அடித்த போலி. முழுக் கார்டே வேண்டுமென்றால் தேடல் வேறு பக்கம் திரும்புகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புறாவுக்கும் பூச்செடிக்கும் நடுவே விரித்த சாக்கில் எப்போதாவது ஒன்று தட்டுப்படும். மூடிய ஆலை ஏலத்துக்கு வந்தால் பேனல்கள் காயலான் கடைக்குப் போகும். அங்கே செம்புக் கம்பியை உருவிக்கொண்டு கார்டுகளை எடை போட்டு விற்பார்கள். வாங்குபவர் அதிலுள்ள துளித் தங்கத்துக்காக உருக்குபவர். அவர் கைக்குப் போவதற்கு முன் இவர்கள் போய் நிற்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் வளாகத்துப் பழைய மெஷின்களில் நல்ல கார்டுகள் இருக்கும் என்று ஆசைப்படலாம். ஆனால் அது சிறப்புப் பொருளாதார மண்டலம். அங்கிருந்து வெளியே வரும் பொருள் சுங்கக் கணக்கில் இறக்குமதிக்குச் சமம்.

கார்டு கையில் கிடைத்த பிறகும் வேலை முடியாது. 6ஈஎஸ்5 என்று தொடங்கும் எண் ஒத்துப்போக வேண்டும். அதோடு லேபிளில் எந்தத் திருத்தப் பதிப்பு என்று குறித்திருப்பதையும் பார்க்க வேண்டும். பிறகு ரேக்கில் செருகி, இருபத்துநாலு வோல்ட் கொடுத்து, விளக்குகள் மினுக்க ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். சூடேறிய பிறகு வரும் கோளாறுதான் மோசமானது என்கிறார் பெரியவர்.

இத்தனையும் சமாளிக்கக் கூடியவைதான். அவர் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. எஸ்5 போன்ற பழைய பி.எல்.சி.க்களில் புரோகிராமை மெமரி மாட்யூலில் எழுதி வைக்காமல் ரேமில் மட்டும் விட்டிருந்தால், அதைக் காப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. ஒரு ஆலையில் ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் யாரோ பொறுப்பாக அந்த பேட்டரியை மாற்றினார்கள், மெயினை ஆஃப் செய்துவிட்டு. திங்கட்கிழமை கார்டு நன்றாக இருந்தது, புரோகிராம் இல்லை. மெஷின் செய்த வெளிநாட்டுக் கம்பெனியும் இப்போது இல்லை.

பட்டறைப் பையன்கள் சர்க்யூட் படத்தை விரித்துவைத்து உட்கார்ந்தார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் சொல்லும். எது முதலில், எத்தனை நொடி கழித்து என்று சொல்லாது. அதைச் சொன்னவர் அந்த மெஷினைப் பல வருஷமாக ஓட்டிய அம்மா. "முதல்ல கிளாம்ப் புடிக்கும் தம்பி, டக்குனு ஒரு சத்தம் வரும், அப்புறந்தான் சூடு ஏறும். கதவு தொறந்திருந்தா ஏறாது." அவர் சொல்லச் சொல்ல, சீரியல் போர்ட் வைத்த பழைய லேப்டாப்பில் வரி வரியாக எழுதினார்கள். மெஷின் ஓடியது. பில்லில் அந்த அம்மாவின் பங்குக்கு எந்தக் கட்டமும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது ஆலைகளின் பர்சேஸ் பிரிவின்மேல். உலகத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் கார்டுக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். லைன் நின்ற பிறகு கேள்வி கேட்காமல் அள்ளிக் கொடுப்பார்கள்.

எஸ்5க்கு அடுத்து வந்த எஸ்7-300தான் இன்று பல ஆலைகளில் இருப்பது. அதையும் விலக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை சீமென்ஸ் 2023இல் தொடங்கிவிட்டது. மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வாரமே ஒவ்வொரு மெஷினின் புரோகிராமையும் பேக்கப் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ரேமைக் காக்கும் பேட்டரியை மெயின் ஆனில் இருக்கும்போதே, கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள். ஓட்டுபவரைக் கூப்பிட்டு, மெஷின் என்னென்ன வரிசையில் செய்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.