சிவப்புக் கடல்

ஒன்பதாம் தரத்தில் நான் கடலைச் சிவப்பாகத் தீட்டினேன். "கடல் எங்கேயாவது சிவப்பாக இருக்குமா?" என்று யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து தூரிகையைத் தொடவில்லை.

சென்ற விடுமுறையில் வாப்பா கொண்டுவந்த பழைய ஓவிய நூலொன்றில் கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப் என்ற ஜேர்மனிய ஓவியரைப் பற்றி வாசித்தேன். 1884இல் ரொட்லுஃப் என்ற ஊரில் பிறந்தவர். ஊரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கட்டடக்கலை மாணவராக இருந்தபோது, 1905இல், டிரெஸ்டன் நகரில் நண்பர்கள் மூவருடன் 'பாலம்' என்ற ஓவியர் குழுவை அமைத்தார். கண் கண்ட நிறத்தைவிட மனம் உணர்ந்த நிறமே அவர்களுக்கு முக்கியம். டங்காஸ்ட் என்ற கடலோரக் கிராமத்தை அவர் கொழுந்துவிடும் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டினார்.

நாஸி ஆட்சி அதனை 'இழிந்த கலை' என்றது. 1937இல் அவருடைய அறுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் நூதனசாலைகளிலிருந்து பறிக்கப்பட்டன. 1941இல் ஓவியத் தொழிலுக்கே தடை வந்தது. 1943இல் பேர்லினில் அவர் வாழ்ந்த வீடு குண்டுவீச்சில் அழிந்தது. ஆனாலும் போர் முடிந்தபின், 1947இல், அதே பேர்லினில் கலைக் கல்லூரிப் பேராசிரியராகி இளையவர்களுக்குக் கற்பித்தார். 1976இல், 91 வயதில் காலமானார்.

அவரைத் தடுத்தது ஓர் அரசாங்கம். என்னைத் தடுத்ததோ ஒரு நிமிடச் சிரிப்பு. சிரித்தவர்கள் அன்றே மறந்துவிட்டார்கள். இரண்டு வருடங்களாக அதைப் பத்திரமாக வைத்திருந்தவள் நான்தான்.

நேற்று அஸர் தொழுதபின் வர்ணப் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்தேன். எட்டிப் பார்த்த உம்மா கேட்டார்: "மஃரிப் நேரத்துக் கடல்தானே மகள் இது?"