எழுத்துக்கு எந்தப் பக்கம் முகம்?

தேநீர்க் கோப்பையின் காது வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான். மாடு எந்தத் திசையைப் பார்த்து நின்றாலும் மாடுதான். பிறந்து மூன்று வருஷமாகக் குழந்தை கற்றுவந்த பாடம் இது. நான்காவது வருஷம் கையில் பலகையைக் கொடுத்து, அந்தப் பாடத்தை மறக்கச் சொல்கிறார்கள் பெரியவர்கள்.

ஆங்கிலத்தில் ஒரு கோடு, அதன் கீழே ஒரு வயிறு. வயிறு வலப்பக்கம் இருந்தால் 'பி'. இடப்பக்கம் போனால் 'டி'. குழந்தை மாற்றி எழுதினால் கண்ணில் கோளாறோ என்று அம்மாவுக்குக் கவலை. அப்பாவின் கையில் ஸ்கேல். இரண்டுக்கும் அவசியமில்லை. இடம் வலம் பாராமல் பொருளை அடையாளம் காண்பது மூளையின் பழைய வழக்கம். எழுத்துக்காக மட்டும் அதை விட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் ஏழெட்டு வயதுக்குள் விட்டுவிடுகிறார்கள்.

இந்திய மொழிகளில் சங்கடம் வேறு விதம். இந்தியில் 'பாரத்' என்பதன் முதல் எழுத்துக்கும் 'மாதா' என்பதன் முதல் எழுத்துக்கும் வித்தியாசம், இடப்பக்கம் ஒரு சின்னச் சுழியும் தலைக்கோட்டில் ஒரு இடைவெளியும்தான். வங்காளியில் 'பாபா'வின் எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்தால் 'ர'. இந்தியில் 'கி' எழுத, இகரக் குறியைக் 'க'வுக்கு முன்னால் போட வேண்டும். காதில் அது விழுவதோ பின்னால். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், பெரிதும் சிறிதுமாக 52 உருவங்கள். இங்கே மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து நூற்றுக்கணக்கில். கன்னடக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், அட்சரங்கள் முழுதாகக் கைவர நான்காம், ஐந்தாம் வகுப்பு வரைகூட ஆவது தெரிந்தது.

பழைய முறைகளில் ஒரு விவேகம் இருந்தது. கேரளத்தில் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார்கள். வங்காளத்தில் சரஸ்வதி பூஜையன்று சிலேட்டும் சாக்குக்கட்டியும். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்றார். கையால் வரைந்த எழுத்தைக் கண் சீக்கிரம் அடையாளம் காண்கிறது. தவிர, அரிசியில் எழுதிய தப்பைத் தடவினால் போய்விடும். நோட்டில் விழுந்த சிவப்பு மை போகாது.

நகரத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம். பென்சில் பிடிக்க விரலுக்கு இன்னும் வலு வரவில்லை. கிராமத்தில் கதை வேறு. 2024ஆம் ஆண்டின் (கிராமப்புறக்) கணக்கெடுப்பான 'அசர்' அறிக்கையின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் சுமார் 27 சதவீதம். இவர்கள் மந்தமானவர்கள் அல்ல. முதல் வகுப்போடு எழுத்து முடிந்தது என்று பாடப்புத்தகம் நகர்ந்துவிடுகிறது. 'பா'விலும் 'மா'விலும் இன்னும் தடுமாறும் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறது. ஒரு இடத்தில் அவசரம், இன்னொரு இடத்தில் அலட்சியம். குழந்தை கேட்பது இரண்டையும் அல்ல, இன்னும் கொஞ்சம் நாள்தான்.