பென் டிரைவ் பூட் ஆகலையா? எங்க நின்னுதுன்னு பாருங்க!

லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு பூட் பண்றது ரெண்டு நிமிஷ வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க மக்களே. பூட் ஆனா ரெண்டு நிமிஷம். ஆகலைன்னா ராத்திரி பூரா சிவராத்திரிதான் :-)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப் கேக்குது. அதனால பழைய லேப்டாப் வச்சிருக்கிற நிறைய பேர் இப்ப லினக்ஸ் பக்கம் எட்டிப் பாக்குறாங்க. ஆனா நான் சொல்லப்போற கதை அதுக்கும் மேல.

தென்காசி பக்கம் எங்க மாமா ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார். ஆறு வருஷமா ஊர் வரலாறு எழுதிட்டு இருக்கார். கோயில் கல்வெட்டு, குளத்துக் கணக்கு, பெரியவங்க சொன்ன கதை எல்லாம் ஒரே லேப்டாப்ல. வேற காப்பி கிடையாது. ஒருநாள் விண்டோஸ் வட்டம் சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. கடையில "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்"னு கூலா சொல்லியிருக்காங்க. நல்ல வேளை, மாமா பையன் எனக்கு போன் போட்டான்.

"டேய், எதையும் தொடாதே. பென் டிரைவ்ல உபுண்டு போடு. இன்ஸ்டால் பண்ணாம ட்ரை மட்டும் பண்ணி ஃபைலை எடுத்துடலாம்"னேன். போட்டான். பூட் ஆகலை.

இங்கதான் மேட்டர். பவர் பட்டனுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவுல ஒரு ரிலே ரேஸ் நடக்குது. பயாஸ் பூட் லோடர்கிட்ட குச்சியைக் குடுக்கும், அது கெர்னல்கிட்ட, கெர்னல் டெஸ்க்டாப்கிட்ட. குச்சி யார் கையில விழுந்ததுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

முதல் கை: ஆன் பண்ணும்போது எஃப்12 தட்டினா (சிலதுல எஃப்9, சிலதுல எஸ்கேப்) பூட் பட்டியல் வரும். அதுல பென் டிரைவே இல்லையா? ஐஎஸ்ஓ ஃபைலை சும்மா காப்பி பண்ணினா பூட் ஆகாது. ரூஃபஸ், ஈச்சர் மாதிரி ஒண்ணை வச்சு எழுதணும். நம்ம பையன் ரூஃபஸ்லதான் எழுதியிருந்தான், ஆனா ஜிபிடி, யூஈஎஃப்ஐன்னு செலக்ட் பண்ணிட்டான். மாமாவோடது விண்டோஸ் 7 காலத்து லேப்டாப், பழைய பயாஸ். எம்பிஆர்னு மாத்தி எழுதினதும் பட்டியல்ல வந்துடுச்சு.

ரெண்டாவது கை: பட்டியல்ல இருக்கு, தேர்ந்தெடுத்தா செக்யூர் பூட்னு ஏதோ சொல்லித் துரத்துதா? புது மெசின்ல இது சகஜம். உபுண்டு, ஃபெடோரா மாதிரி பெரிய லினக்ஸ்கள் கையெழுத்தோட வரும், பெரும்பாலும் உள்ள விட்டுடும். சின்னதுகளுக்கு செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! விண்டோஸ்ல பிட்லாக்கர் ஓடுதுன்னா 48 இலக்க ரெகவரி கீ கையில இருக்கணும். இல்லைன்னா அப்புறம் விண்டோஸே கதவைத் திறக்காது.

மூணாவது கை: மெனு வந்துச்சு, என்டர் தட்டினா ஒரே இருட்டு. மாமா லேப்டாப்லயும் இதேதான். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு பிரச்சினை. மெனுவுல ஈ தட்டி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில நோமோட்செட்னு சேர்த்து எஃப்10 தட்டணும். போன்ல ஒவ்வொரு எழுத்தா சொன்னேன்: என், ஓ, எம், ஓ, டி, ஈ, எஸ், ஈ, டி. "அண்ணே, வந்துடுச்சு!"ன்னு அங்க ஒரு சத்தம். (உபுண்டு மெனுவுல சேஃப் கிராஃபிக்ஸ்னு ஒரு வரி இருந்தா அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.)

நாலாவது கை: டெஸ்க்டாப் வந்தாச்சு, ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? பயாஸ்ல ஸ்டோரேஜ் ரெய்டு மோட்ல இருக்கான்னு பாருங்க. டிஸ்க் தெரியுது, ஆனா எழுத விடலையா? விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ல பாதித் தூக்கத்துல இருக்கலாம். பதறாதீங்க, காப்பி எடுக்க படிச்சாப் போதும்.

மாமாவோட ஹார்ட் டிஸ்க்ல பேட் செக்டார். ஊர் வரலாறு ஃபோல்டரை முதல்ல எடுக்கச் சொன்னேன். மெதுவா, திக்கித் திணறி, முழுசா வந்துடுச்சு. ரெண்டு பென் டிரைவ்ல இப்ப பத்திரமா இருக்கு.

இதுல நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர், ஃபார்மேட் எல்லாம். ரெண்டாவது, கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்போதே ஒரு லினக்ஸ் பென் டிரைவ் தயார் பண்ணி, ஒருதடவை பூட் ஆகுதான்னு பார்த்து டிராயர்ல போட்டு வைங்க. வீடு எரியும்போது கிணறு வெட்ட முடியாது.

பி.கு: அந்தப் பென் டிரைவ்ல சினிமாப் படம் காப்பி பண்றேன்னு யாரும் ஃபார்மேட் பண்ணாம பாத்துக்கோங்க. எங்க வீட்டுல அதுக்குன்னே ஒரு ஆள் இருக்கு ;-)