மெய்யெழுத்தோடு மல்லுக்கட்டு

கணினிக் கோரஸை 'ஆ...'ன்னு பாட வைக்க அஞ்சு நிமிஷம் போதும் மக்களே. 'க்' வர வைக்கத்தான் எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. மெய்னா உடம்புன்னு சும்மாவா பேர் வச்சாங்க!

விஷயம் இதுதான். அப்பா பழைய டைரியில மழையைப் பத்தி நாலு வரி எழுதி வச்சிருந்தார். அடுத்த மாசம் தலைதிவசம். அதுக்குள்ள ஒரு கூட்டமே அதைப் பாடுற மாதிரி செஞ்சுடணும்னு ஆசை. வார்த்தை புரியலைன்னா செஞ்சும் பிரயோஜனமில்லை.

ஈஸ்ட்வெஸ்ட் கம்பெனியின் சிம்ஃபோனிக் கொயர்ஸில் வேர்ட்பில்டர் என்று ஒன்று உண்டு. பாடகர்களின் ஒலிகளைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, நாம் தட்டும் வார்த்தைக்கேற்ப ஒட்டும். என்னிடம் இருப்பது வேறு, சங்கதி ஒன்றுதான். ம், ன், ல் எல்லாம் இழுத்துப் பாடக்கூடியவை, ஒட்டு தெரியாது. ப், த், க் அப்படியில்லை. காற்றை ஒரு கணம் அடைத்து, பிறகு வெடிக்க வேண்டும். அந்தக் குட்டி மௌனம் இல்லாவிட்டால் கோரஸ் வாயில் பஞ்சு வைத்த மாதிரிதான்.

அடுத்தது நேரம். நிஜக் கோரஸில் உயிர்தான் தாளத்தில் விழும், மெய் அதற்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடும். ஒவ்வொரு நோட்டையும் 60, 80 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளினேன். ரிவெர்ப்பையும் பாதியாகக் குறைத்தேன். (கோயில் மண்டபம் மாதிரி எதிரொலி கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மெய்யெழுத்துக்கு அதுதான் எமன்.) 'ஸ்' எல்லாரும் சொன்னால் பாம்புப் புற்று. அதை ஒரே குரலுக்கு மட்டும் விட்டேன்.

அப்புறம் நம்ம தமிழ். ஆங்கில வாய் வார்த்தை முதலில் 'ப' சொன்னால் கூடவே ஒரு ஊதல் வரும். நமக்கு அது ஆகாது, வெட்டினேன். ழகரம் கிடையவே கிடையாது. 'ல' போட்டால் மழை மலையாகிவிடும்! நாக்கை வளைத்துச் சொல்லும் அமெரிக்க 'ஆர்' நம்ம ழகரத்துக்குப் பக்கத்து வீடு, அதைப் போட்டேன்.

இவ்வளவுக்கும் ஏதோ குறை. கடைசியில் வீட்டாட்களையே மைக் முன்னாடி உட்கார வைத்து, அந்த வரிகளைக் கிசுகிசுக்கச் சொல்லிப் பதிவு செய்து கோரஸுக்கு அடியில் சன்னமாக வைத்தேன். கிசுகிசுப்புக்கு ஸ்ருதி தேவையில்லை, எங்க குடும்பத்துக்கு ரொம்ப வசதி :-)

தங்கச்சி, சித்தப்பா எல்லாம் ஒரே டேக். அம்மாதான் ரெண்டு தடவை 'மழை'கிட்ட வந்து நிறுத்திட்டாங்க. மூணாவது டேக்கை வச்சிருக்கேன். ஹெட்ஃபோன்ல கேட்டா, கோரஸோட 'ஆர்'க்கு அடியில அவங்க 'ழ' தனியா தெரியுது.