புள்ளிக்கோட்டை ஆர் அளந்தது?

உயர்தர இரசாயனவியலில் நாங்கள் எத்தனை புள்ளிக்கோடு கீறியிருப்போம்! அற்ககோலின் ஐதரசனிலிருந்து குளோரைட்டு அயனுக்கு மூன்று புள்ளி வைத்து, பக்கத்தில் ‘ஐதரசன் பிணைப்பு’ என்று எழுதினால் புள்ளி வந்துவிடும்.

போன மாதம் திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு இருக்கேக்க எங்களில் ஒருத்தி கேட்டாள்: “அந்தப் புள்ளிக்கோட்டை ஆர் அளந்தது? கடல்ல உப்புக் கிடக்குத்தானே, அற்ககோலை ஊத்தி அளக்கேலாதோ?” அவள் இரசாயனவியலுக்கு ‘எஸ்’ எடுத்தவள். ‘ஏ’ எடுத்த எங்களிடம் பதில் இல்லை.

அன்றிரவு செய்து பார்த்தோம். பாமசியில் வாங்கின 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல், தாராளமாக உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். நெருப்புக்கு எட்டத்தில் வைத்துப் போத்தலைக் குலுக்கினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு படையாகப் பிரிந்தது: மேலே மஞ்சள் நிற அற்ககோல், கீழே உப்புத் தண்ணீர். தண்ணீர் அயன்களைச் சுற்றி நின்றுகொண்டு அற்ககோலை வெளியே தள்ளிவிட்டது. கடல் தண்ணீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைட்டு இருந்தும், அற்ககோலுக்கு அங்கே இடம் கிடைக்காது.

ஆகவே இந்தப் பிணைப்பைத் தனியே அளக்க, குறுக்கே வராத கரைப்பான் வேணும். காபன் நாற்குளோரைட்டு அப்படியானது. கறி உப்பு அதில் கரையாது. நீண்ட காபன் சங்கிலிகள் கொண்ட அமோனியம் உப்புகளே கைகொடுக்கும். அற்ககோலையும் மிக ஐதாக எடுக்க வேணும், இல்லாவிட்டால் அவை தங்களுக்குள்ளேயே பிணைந்துவிடும்.

பிறகு செந்நிறக்கீழ் ஒளியைச் செலுத்துவார்கள். தனித்து நிற்கும் மெதனோலின் ஓ-எச் பிணைப்பு, சென்ரிமீற்றருக்கு 3640 அலைகள் அளவில் ஒளியை உறிஞ்சும். அயன் ஐதரசனை இழுத்தால் அந்தப் பிணைப்பு தளரும். நரம்பு தளர்ந்த வயலின் போல சுருதி இறங்கும். நூற்றுக்கணக்கான அலைகள் கீழே, அகன்ற புதிய பட்டை ஒன்று தோன்றும். இறக்கம் பிணைப்பின் வலிமையைக் காட்டும். பழைய பட்டையில் மிஞ்சியதைக் கொண்டு, எத்தனை மூலக்கூறுகள் பிணைந்தன என்று கணக்கிடலாம். ஏலைட்டு அயன்களில் இதை 1963இல் அலர்ஹாண்ட், ஷ்லையர் இருவரும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். குளோரைட்டுக்கு இறக்கம் கூட, புரோமைட்டுக்குக் குறைவு, அயடைட்டுக்கு இன்னும் குறைவு.

எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஒரு போத்தல்தான் இருந்தது. ஆனால் பரீட்சைக்குப் படிச்ச நாங்கள் கேட்காத கேள்வியை, பரீட்சை ‘காணாது’ என்று சொன்னவள் கேட்டாள். இப்ப மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புள்ளிக்கோடு கீறிக் காட்டேக்க, முதலில் அந்தப் போத்தலைக் குலுக்கிக் காட்டுகிறோம்.